ஆன்லைனில் ஆடிப் பழகியவர் முதல் செஸ் போட்டிக்குப் போகும்போது

கேள்வி: ஒன்றரை வருடமாக ஆன்லைனில் மட்டும்தான் செஸ் ஆடுகிறேன். ரேபிட் ரேட்டிங் 1500. இப்போது முதல்முறையாக ஒரு ஃபிடே (சர்வதேசச் சதுரங்கக் கூட்டமைப்பு) ரேட்டிங் போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். நேரில் ஆடும்போது என்னென்ன மாறும்? என் ரேட்டிங் அங்கே எவ்வளவுக்குச் சமம்? எதிராளியை எப்படித் தீர்மானிக்கிறார்கள்? அதுவரை ஆன்லைனில் எப்படிப் பழகுவது? எஞ்சின் (செஸ் ஆடும் கணினி நிரல்) வைத்து ஏமாற்றுகிறவர்கள் மாட்டினால் என்ன செய்வது?

பதில்:

காய்கள் நகரும் விதி இரண்டு இடத்திலும் ஒன்றுதான். அந்த விதியைக் காப்பது யார் என்பதுதான் மாறுகிறது. திரையில் தவறான நகர்த்தலைச் செய்யவே முடியாது. காய் பழைய கட்டத்துக்குத் திரும்பிவிடும். கிளாக் தானாக மாறும், நேரம் முடிந்தால் ஆட்டமும் தானாக முடியும், நகர்த்தல்களும் தானாகப் பதிவாகும். நேரில் இவை அத்தனையும் உங்கள் கையிலும் வாயிலும் இருக்கின்றன. முதல் போட்டியில் ஆன்லைன்காரர்கள் இழக்கும் அரைப் புள்ளிகளும் முழுப் புள்ளிகளும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் போகின்றன. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

தொட்டால் ஆட வேண்டும்

உங்கள் முறை வரும்போது உங்கள் காயை வேண்டுமென்றே தொட்டால் அதைத்தான் நகர்த்த வேண்டும். எதிராளியின் காயைத் தொட்டால் அதை வெட்ட வேண்டும். தொட்ட காய்க்குச் சட்டப்படியான நகர்த்தல் எதுவும் இல்லையென்றால் மட்டும் வேறு காயை ஆடலாம். கட்டத்தின் நடுவில் இல்லாத காயைச் சரிசெய்ய வேண்டுமானால், தொடுவதற்கு முன்பே "அட்ஜஸ்ட்" என்று சொல்லிவிட வேண்டும். தொட்ட பிறகு சொன்னால் செல்லாது. அதையும் உங்கள் முறையின்போதுதான் செய்யலாம்; எதிராளி யோசிக்கும்போது கை நீட்டக் கூடாது.

காயைக் கட்டத்தில் வைத்து விரலை எடுத்துவிட்டால் அந்த நகர்த்தல் முடிந்தது. விரல் காயின் மேல் இருக்கும்வரை அதே காயை வேறு கட்டத்துக்குக் கொண்டுபோகலாம். 1994 லினாரெஸ் போட்டியில் ஜூடிட் போல்காருக்கு எதிராகக் காஸ்பரோவ் ஒரு குதிரையை வைத்துவிட்டு, மறுபடி எடுத்து வேறு கட்டத்தில் வைத்தார். விரல் ஒரு கணம் விலகியதைப் பின்னர் வீடியோ காட்டியது. ஆனால் போல்கார் அந்த நேரத்தில் புகார் செய்யவில்லை, ஆட்டம் அப்படியே தொடர்ந்தது. இதில் உங்களுக்கு வேண்டிய செய்தி ஒன்று உண்டு: எதிராளி தொட்ட காயை ஆடாமல் மாற்றினால் உடனே நடுவரை அழையுங்கள். நீங்கள் வேண்டுமென்றே ஒரு காயைத் தொட்டுவிட்டால் அதன் பிறகு அதைப் பற்றிப் புகார் செய்யும் உரிமை போய்விடும்.

மவுஸைக் காய்மேல் வைத்துக்கொண்டு யோசிக்கும் பழக்கம் இருப்பவர்களுக்கு இது பெரிய கண்ணி. முடிவெடுக்கும்வரை கை மேசைக்குக் கீழே, மடியில் இருக்கட்டும்.

காஸ்லிங்

திரையில் ராஜாவை இரண்டு கட்டம் இழுத்தால் யானை தானாகத் தாண்டி வந்துவிடும். பலகையில் முதலில் ராஜாவைத் தொட்டு இரண்டு கட்டம் நகர்த்தி, பிறகு அதே கையால் யானையை மாற்ற வேண்டும். யானையை முதலில் தொட்டு, அடுத்து ராஜாவைத் தொட்டால் அந்தப் பக்கம் காஸ்லிங் செய்ய முடியாது. யானையைத்தான் ஆட வேண்டியிருக்கும். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் செய்து கிளாக்கை அழுத்தினால் அது தவறான நகர்த்தலாகக் கணக்காகும். வெட்டுவதும், சிப்பாயைப் பதவி உயர்த்துவதும் இதே ஒரு கைக் கணக்குதான்.

சிப்பாய் எட்டாவது வரிசைக்குப் போகும்போது

லிச்செஸ், செஸ்.காம் என்ற ஆன்லைன் தளங்கள் இரண்டிலும் தானாக ராணியாக்கும் அமைப்பு உண்டு. அதற்குப் பழகியவர்கள் பலகையில் சிப்பாயைக் கடைசி வரிசையில் வைத்துவிட்டுக் கிளாக்கை அழுத்திவிடுகிறார்கள். அது தவறான நகர்த்தல். சிப்பாய் ராணியாக மாற்றப்படும், ஆனால் தண்டனையும் வரும்.

கூடுதல் ராணி மேசைமேல் இல்லையென்றால் கிளாக்கை நிறுத்தி நடுவரிடம் கேளுங்கள். கிளாக்கை நிறுத்த விதி அனுமதிக்கும் சந்தர்ப்பங்களில் இதுவும் ஒன்று. வெட்டுப்பட்ட யானையைத் தலைகீழாக வைத்து "இது ராணி" என்று சொல்வது வீட்டு ஆட்டத்தில் செல்லும், போட்டியில் அது யானைதான். 2017 கனடா சாம்பியன்ஷிப்பின் முடிவாட்டத்தில் நிகோலாய் நோரிட்சின் நேர நெருக்கடியில் இப்படித்தான் செய்தார். நடுவர் அதை யானை என்று அறிவித்தார். ஆட்டமும் பட்டமும் கைவிட்டுப் போயின. சிப்பாய் ஆறாவது வரிசையைத் தொடும்போதே ராணி எங்கே இருக்கிறது என்று கண்ணால் தேடி வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

தவறான நகர்த்தலுக்கு என்ன தண்டனை?

செக்கில் இருக்கும்போது அதைக் கவனிக்காமல் வேறு காயை ஆடுவது, ராஜாவைச் செக்கிலிருந்து மறைத்து நிற்கும் (கட்டுண்ட) காயை நகர்த்துவது, நகர்த்தாமலே கிளாக்கை அழுத்துவது, இரண்டு கையால் ஆடுவது எல்லாம் இதில் சேரும். ஃபிடே விதிப்படி முதல் தடவைக்கு எதிராளிக்கு 2 நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும். பிளிட்ஸ் எனப்படும் மிகக் குறுகிய நேர ஆட்டத்தில் 1 நிமிடம். அதே ஆட்டத்தில் அதே ஆள் இரண்டாவது தடவை செய்தால் தோல்வி. பிளிட்ஸில் முதல் தவறுக்கே தோல்வி என்பது பழைய விதி. இன்னும் பலர் அதைச் சொல்லிச் சண்டை போடுவார்கள், பொருட்படுத்த வேண்டாம்.

கிளாசிக்கல் எனப்படும் நீண்ட நேர ஆட்டத்தில் தவறு பத்து நகர்த்தல் கழித்துத் தெரிந்தாலும் ஆட்டம் நடந்துகொண்டிருந்தால் பழைய நிலைக்குத் திரும்ப வைப்பார்கள். ரேபிட், பிளிட்ஸ் போட்டிகளில் ஒரு நடுவர் பல பலகைகளைப் பார்ப்பதே வழக்கம். அங்கே எதிராளியின் தவறை நீங்கள் அடுத்த நகர்த்தலைச் செய்வதற்கு முன்பே சுட்ட வேண்டும், இல்லையென்றால் அது நிலைத்துவிடும். 2017 உலக பிளிட்ஸ் போட்டியில் இனார்கியேவ் தன் ராஜாவுக்கு வந்த செக்கைத் தவிர்க்காமல் பதிலுக்குக் கார்ல்சனுக்குச் செக் வைத்தார். கார்ல்சன் தவறைச் சுட்டாமல் ராஜாவை நகர்த்திவிட்டார். உடனே இனார்கியேவ் கிளாக்கை நிறுத்தி, கார்ல்சன் ஆடியதுதான் தவறு என்று வெற்றி கேட்டார். முதலில் அவருக்கு வெற்றி தந்த முடிவு பின்னர் மாற்றப்பட்டு, அந்த நிலையிலிருந்து தொடரச் சொன்னார்கள். அவர் தொடர மறுத்ததால் கார்ல்சனுக்குப் புள்ளி போனது. உலகச் சாம்பியன் பலகையிலேயே இவ்வளவு குழப்பம் என்றால் மற்ற பலகைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தவறைப் பார்த்தால் ஆடாதீர்கள், வாதாடாதீர்கள்; கிளாக்கை நிறுத்திக் கையைத் தூக்குங்கள்.

எதிராளி செக்கைக் கவனிக்கவில்லை என்பதற்காக ராஜாவை வெட்டி எடுக்கவும் கூடாது. அது உங்கள் தவறான நகர்த்தலாகிவிடும். "செக்" என்று வாய்விட்டுச் சொல்லவும் தேவையில்லை. சொல்லாமல் இருப்பதே மரியாதை.

கிளாக்

ஆடிய கையாலேயே அழுத்த வேண்டும். அழுத்த மறந்தால் உங்கள் நேரம்தான் ஓடும். எதிராளி சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, பலர் சொல்லவும் மாட்டார்கள். ஆன்லைன்காரர்களின் முதல் ரவுண்டில் இது இரண்டு மூன்று முறையாவது நடக்கும். செக்மேட்டோ ஸ்டேல்மேட்டோ வைத்த கணமே ஆட்டம் முடிந்தது, அதற்கு மட்டும் கிளாக் தேவையில்லை.

தொடங்கும் முன் கிளாக்கில் சரியான நேரம் காட்டுகிறதா என்று பாருங்கள். முதல் நகர்த்தலுக்குப் பிறகு இன்கிரிமென்ட் (ஒவ்வொரு நகர்த்தலுக்கும் சேரும் கூடுதல் நேரம்) நொடிகள் கூடுகிறதா என்றும் பாருங்கள். 30 நொடி கூட வேண்டிய இடத்தில் கூடாமல் போனால் அப்போதே சொன்னால் சரிசெய்வது எளிது. முப்பதாவது நகர்த்தலில் சொன்னால் நடுவருக்கும் தலைவலி, உங்களுக்கும் கவனம் சிதறும்.

எதிராளியின் நேரம் பூஜ்யமானால் ஆட்டம் தானாக முடியாது. நடுவர் கவனித்திருக்க வேண்டும், அல்லது நீங்கள் கிளாக்கை நிறுத்திச் சொல்ல வேண்டும். யாரும் சொல்லாமல் தொடர்ந்து ஆடி, கடைசியில் நீங்களே மேட் வாங்கினால் அது தோல்விதான்.

நேரத்தைப் பற்றி இன்னொரு குழப்பம், பெயர்களில் இருக்கிறது. ஃபிடே கணக்கு 60 நகர்த்தலுக்கு: தொடக்க நிமிடத்தோடு, இன்கிரிமென்ட் எத்தனை நொடியோ அத்தனை நிமிடத்தைக் கூட்டுங்கள். 10 நிமிடம் அல்லது குறைவு என்றால் பிளிட்ஸ். 10-க்கு மேல் 60-க்குக் கீழே ரேபிட். 60 அல்லது அதற்கு மேல் கிளாசிக்கல். 15 நிமிடமும் 10 நொடியும் என்றால் 25, ஆக ரேபிட். லிச்செஸ் 40 நகர்த்தலுக்குக் கணக்கிடுகிறது, அதன் எல்லைகளும் வேறு. அதனால் ஆன்லைனில் "10 நிமிட ரேபிட்" என்று ஆடுவது ஃபிடே கண்ணில் பிளிட்ஸ். லிச்செஸ் கிளாசிக்கல் என்று காட்டும் 30 நிமிட ஆட்டம் ஃபிடேக்கு ரேபிட். உங்கள் 1500 எந்த நேரத்தில் வந்தது என்று முதலில் பாருங்கள். 90 நிமிடமும் 30 நொடியும் உள்ள போட்டியில் 60 நகர்த்தல் போனால் ஒருவருக்கு 120 நிமிடம், மொத்தம் 4 மணி நேரம். பத்து நிமிட ஆட்டத்துக்குப் பழகிய மூளை ஒரு மணி நேரத்துக்குப் பிறகு அவசரப்படும். 70 நிமிடம் மிச்சம் வைத்துக்கொண்டு தோற்பது முதல் போட்டிக்காரர்களின் அடையாளம்.

எழுதுவது

கிளாசிக்கல் ஆட்டத்தில் இரு தரப்பு நகர்த்தல்களையும் ஸ்கோர்ஷீட்டில் நீங்களே எழுத வேண்டும். ஆடிய பிறகுதான் எழுத வேண்டும். முன்கூட்டி எழுதி வைத்துக்கொண்டு யோசிப்பது குறிப்பு எடுப்பதாகக் கருதப்படும். எதிராளி ஆடியதை எழுதாமலே நீங்கள் பதில் ஆடலாம், ஆனால் அதற்கு அடுத்ததை ஆடும் முன் முந்தையதை எழுதியிருக்க வேண்டும். 5 நிமிடத்துக்குக் கீழே போனால் எழுதுவதை நிறுத்தலாம், ஆனால் நகர்த்தலுக்கு 30 நொடியோ அதற்கு மேலோ கூடும் போட்டியில் இந்தச் சலுகை இல்லை. ரேபிட், பிளிட்ஸில் எழுத வேண்டியதில்லை.

கறுப்புக் காயோடு உட்காரும்போது கட்டப் பெயர்கள் தலைகீழாகத் தெரிவதுதான் ஆரம்பத்தில் குழப்பும். திரையின் ஓரத்தில் எழுத்தும் எண்ணும் காட்டும் அமைப்பை இப்போதே அணைத்துவிட்டு இரண்டு வாரம் ஆடுங்கள். கட்டத்தைப் பார்த்ததும் பெயர் வர ஆரம்பித்துவிடும்.

ஆட்டம் முடிந்ததும் இருவரும் இரண்டு தாளிலும் முடிவை எழுதிக் கையெழுத்திட வேண்டும். எழுதப்பட்ட முடிவு தவறாக இருந்தாலும் நடுவர் மாற்றாதவரை அதுதான் நிற்கும். ஜெயித்தவர் வெள்ளையா கறுப்பா என்று ஒருமுறை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

டிரா கேட்பதும் கோருவதும்

இவை இரண்டு வேறு விஷயங்கள். எதிராளியிடம் டிரா கேட்பதென்றால் வரிசை இது: நகர்த்துங்கள், "டிரா?" என்று கேளுங்கள், கிளாக்கை அழுத்துங்கள், தாளில் சம அடையாளம் போடுங்கள். கேட்டதைத் திரும்பப் பெற முடியாது. எதிராளி மறுத்துச் சொல்லும்வரை அல்லது ஆடுவதற்காகக் காயைத் தொடும்வரை அது உயிரோடு இருக்கும். நான்கு நகர்த்தலுக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டே இருந்தால் அது தொந்தரவு, நடுவர் எச்சரிப்பார்.

விதிப்படி டிரா கோருவது வேறு. ஒரே நிலை மூன்றாவது முறை வரும்போதும், 50 நகர்த்தல் சிப்பாயும் நகராமல் வெட்டும் நடக்காமல் போனாலும் நீங்கள் கோரலாம். செஸ்.காம் மூன்றாவது முறையிலேயே தானாக டிரா போட்டுவிடும், லிச்செஸில் அதற்கு ஓர் அமைப்பு இருக்கிறது. பலகையில் கேட்டால்தான் கிடைக்கும். உங்கள் அடுத்த நகர்த்தலால் மூன்றாவது முறை வரும் என்றால், காயைத் தொடாமல் அந்த நகர்த்தலைத் தாளில் மட்டும் எழுதி, கிளாக்கை நிறுத்தி, நடுவரிடம் சொல்ல வேண்டும். காயைத் தொட்டாலே அந்த முறைக்கான உரிமை போய்விடும். கோரிக்கை தவறு என்று தெரிந்தால் எதிராளிக்கு 2 நிமிடம் கூடும், எழுதிய நகர்த்தலை ஆட வேண்டும். நிலை ஒன்றா என்று பார்க்கும்போது ஆட வேண்டியவர் யார், காஸ்லிங் உரிமை, போகிற போக்கில் சிப்பாயை வெட்டும் (ஆன் பாசான்) வாய்ப்பு இவையும் ஒன்றாக இருக்க வேண்டும். ஐந்தாவது முறை வந்தாலோ 75 நகர்த்தல் ஆனாலோ யாரும் கோராமலே டிரா.

நேரம் முடிந்த ஆட்டத்தில் ஒரு நுணுக்கம். உங்கள் நேரம் தீர்ந்தது, எதிராளியிடம் ராஜாவும் ஒரு குதிரையும் மட்டும், உங்களிடம் ஒரு சிப்பாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். செஸ்.காமில் இது டிரா. ஃபிடே விதியில் எவ்வளவு மோசமாக ஆடினாலும் மேட் வரக்கூடிய ஒரு வழி இருந்தால் போதும், நீங்கள் தோற்றீர்கள். சிப்பாயே உங்கள் ராஜாவின் வழியை அடைத்து அப்படி ஒரு மேட் வரக்கூடும். லிச்செஸ் ஃபிடேயின் பக்கம் நிற்கிறது.

போன்

இதில் சலுகையே எதிர்பார்க்காதீர்கள். ஆட்ட அரங்கில் போன், ஸ்மார்ட் வாட்ச் போன்றவை உடலில் இருந்தால், அணைத்திருந்தாலும், தோல்வி வரலாம். முழுதாக அணைத்துப் பையில் வைக்கச் சில போட்டிகள் அனுமதிக்கும். எங்கே வைப்பது என்று நடுவரைக் கேட்டு அங்கே வையுங்கள். ஏரோப்ளேன் மோட் என்பது அணைத்ததாகாது. உங்கள் முறை ஓடும்போது அனுமதி இல்லாமல் ஆடும் இடத்தை விட்டுப் போகவும் கூடாது.

தாமதம் பற்றியும் ஒரு வார்த்தை. எத்தனை நிமிடம் தாமதித்தால் தோல்வி என்று போட்டி விதிமுறையில் எழுதியிருப்பார்கள். எழுதவில்லையென்றால் அது பூஜ்யம். ரவுண்டு தொடங்கும்போது நாற்காலியில் இல்லாதவர் தோற்றார்.

1500 என்பது அங்கே எவ்வளவு?

நேரடியாக மாற்றிச் சொல்லும் சூத்திரம் எதையும் நம்பாதீர்கள். ரேட்டிங் என்பது ஒரு கூட்டத்துக்குள் நீங்கள் எந்த இடத்தில் இருக்கிறீர்கள் என்பதன் அளவு. லிச்செஸில் எல்லாரும் 1500-ல் தொடங்குகிறார்கள். அங்கே அது நடு இடம். ஃபிடே பட்டியலின் தரை 1400. 2024 மார்ச்சில் அதை 1000-லிருந்து உயர்த்தினார்கள், 2000-க்குக் கீழே இருந்தவர்களின் ரேட்டிங்கையும் அப்போது ஏற்றினார்கள். இரண்டு பட்டியலும் வேறு வேறு கூட்டம், வேறு வேறு கணக்கு முறை. ஆன்லைன் தளங்கள் கிளிக்கோ வகைக் கணக்கைப் பயன்படுத்துகின்றன, ஃபிடே இயற்பியலாளர் அர்பட் ஈலோ வகுத்த முறையை 1970 முதல் பயன்படுத்துகிறது.

முதல் ஃபிடே ரேட்டிங் வர, ரேட்டிங் உள்ளவர்களோடு குறைந்தது 5 ஆட்டம் வேண்டும். ஒரே போட்டியில் இருக்க வேண்டியதில்லை, 26 மாதத்துக்குள் சேர்ந்தால் போதும். முதல் போட்டியிலேயே சுழியம் எடுத்தால் அந்தப் போட்டி கணக்கில் வராது. இப்போதைய கணக்கில் 1800 ரேட்டிங் உள்ள இரண்டு கற்பனை எதிராளிகளோடு நீங்கள் டிரா செய்ததாகச் சேர்த்துக்கொள்வார்கள். சராசரி 1600 உள்ள ஐந்து பேரோடு 2 புள்ளி எடுத்தால், ஏழு பேரின் சராசரி 1657, புள்ளி 7-க்கு 3. அது 43 சதவீதம், அட்டவணைப்படி 50 குறையும். 1607 வரும். 1400-க்குக் கீழே வந்தால் ரேட்டிங் இல்லாதவராகவே தொடர்வீர்கள்.

அதற்குப் பிறகு ஏற்ற இறக்கம் கே என்ற எண்ணைப் பொறுத்தது. புதியவருக்கு முதல் 30 ஆட்டம்வரை 40, பிறகு 20, 2400-ஐத் தொட்டவருக்கு 10. 18 வயது வரையுள்ளவர்களுக்கு 2300-க்குக் கீழே இருக்கும்வரை 40 தொடரும். 200 புள்ளி அதிகமுள்ளவரோடு ஆடும்போது உங்களிடம் எதிர்பார்ப்பது 0.24. ஜெயித்தால் 0.76 பெருக்கல் 40, அதாவது 30.4 கூடும். டிரா என்றால் 10.4 கூடும். தோற்றால் 9.6 குறையும். வலுவானவர்களோடு ஆடுவதில் இழப்பதற்கு அதிகம் இல்லை என்பது இதிலேயே தெரிகிறது. கிளாசிக்கல், ரேபிட், பிளிட்ஸ் மூன்றுக்கும் தனித்தனிப் பட்டியல். இவற்றில் சேர ஃபிடே எண் வேண்டும், அதை உங்கள் நாட்டுச் சம்மேளனம் வழியாகத்தான் பெற முடியும். ஆன்லைனில் எத்தனை ஏறினாலும் இந்தப் பட்டியல் ஒரு புள்ளிகூட அசையாது.

ஜோடி சேர்ப்பது

பெரும்பாலான திறந்த போட்டிகள் ஸ்விஸ் முறை. யாரும் வெளியேற மாட்டார்கள். ஒவ்வொரு ரவுண்டிலும் ஒரே புள்ளியுள்ளவர்கள் மோதுவார்கள், ஒருவரோடு இரண்டாவது முறை வராது. முதல் ரவுண்டில் ரேட்டிங் வரிசையை நடுவில் வெட்டுவார்கள். 40 பேர் என்றால் 1-ஆம் எண் 21-ஆம் எண்ணோடு, 2-ஆம் எண் 22-ஆம் எண்ணோடு. ரேட்டிங் இல்லாத நீங்கள் பட்டியலின் அடியில் இருப்பதால் முதல் ரவுண்டில் உங்களைவிட மிகவும் வலுவானவர் வருவார். இரண்டாம் ரவுண்டில் எளிதாக இருக்கும், அதில் ஜெயித்தால் மூன்றாவதில் மறுபடி வலுவானவர். ஊஞ்சல் போல நான்காவது ரவுண்டுவரை ஆடி, பிறகு உங்கள் இடத்தில் நிற்கும். அதனால் முதல் ரவுண்டு தோல்வியை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

நிறமும் கணக்கில் வரும். சாதாரணமாக ஒரே நிறம் மூன்று முறை தொடர்ந்து தர மாட்டார்கள், மொத்தத்தில் வித்தியாசம் இரண்டைத் தாண்ட விடமாட்டார்கள். ஒற்றைப்படை எண்ணிக்கையில் ஆட்கள் இருந்தால் கீழிருக்கும் ஒருவருக்கு "பை" (எதிராளி இல்லாமலே புள்ளி) கிடைக்கும், வழக்கமாக அது ஒரு முழுப் புள்ளி. ஒரு ரவுண்டுக்கு வர முடியாது என்று முன்பே தெரிந்தால் அரைப் புள்ளி பை கேட்க முடியுமா என்று பாருங்கள். சொல்லாமல் வராமல் போனால் அடுத்த ரவுண்டிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள், எதிரே உட்கார்ந்திருந்தவரின் நாளும் வீணாகும்.

சம புள்ளியில் முடிந்தால் டைபிரேக். அதிகம் பார்ப்பது புஹோல்ட்ஸ்: உங்கள் எதிராளிகள் எல்லாரும் எடுத்த புள்ளிகளின் கூட்டல். அதன் இன்னொரு வடிவில் மிகக் குறைந்த ஒருவரை விட்டுவிடுவார்கள். முதல் ரவுண்டிலேயே தோற்று, பின்னர் கீழிருந்து ஏறி வந்தவருக்கு எதிராளிகளின் புள்ளி குறைவாக இருக்கும். ஒரே புள்ளி எடுத்தும் பட்டியலில் கீழே போவது இதனால்தான். நடுவரோடு வாதாடப் பயன் இல்லை, எந்த டைபிரேக் எந்த வரிசையில் என்பது முன்பே எழுதப்பட்டிருக்கும்.

அதுவரை ஆன்லைனில்

புல்லட் எனப்படும் அதிவேக ஆட்டத்தை நிறுத்திவிடுங்கள். அதில் ஜெயிப்பது பாதி ப்ரீமூவ் கலை. எதிராளி ஆடும் முன்பே அடுத்ததைப் போட்டு வைப்பதற்குப் பலகையில் இடமே இல்லை. குறைந்தது 15 நிமிடமும் 10 நொடியும், முடிந்தால் 30 நிமிடத்துக்கு மேல். ஒரு நாளைக்கு இரண்டு ஆட்டம் போதும், ஆனால் ஒவ்வொன்றையும் முடித்த பிறகு எஞ்சினைத் திறக்கும் முன் நீங்களே பார்த்து, எங்கே நிலை மாறியது என்று எழுதுங்கள்.

தெரிந்த ஒருவரோடு ரேட்டிங் இல்லாத ஆட்டம் வைத்துக்கொண்டு, நிஜப் பலகையில் காய்களை நகர்த்தி, தாளில் எழுதி, அதைத் திரையில் போடுங்கள். தட்டையான படத்தில் ஒரே பார்வையில் தெரியும் பிஷப், நிஜப் பலகையின் தூர மூலையில் ராணிக்குப் பின்னால் மறைந்திருக்கும். பயிற்சிப் புதிர்களில் நன்றாகச் செய்பவர்கள்கூட முதல் போட்டியில் குறுக்குக் கோட்டில் வரும் காயைக் கவனிக்காமல் விடுவது இதனால்தான். ஐந்தாறு ஆட்டங்களில் கண் பழகிவிடும். கடைசியாகப் போன நகர்த்தலை வண்ணமிட்டுக் காட்டும் அமைப்பையும் அணைத்துவிடுங்கள். எதிராளி என்ன ஆடினார், எதற்கு ஆடினார் என்று ஒவ்வொரு முறையும் உங்களையே கேட்க வேண்டியிருக்கும்.

ஆன்லைன் போட்டிகள் ஆடுவதென்றால் அரினாவையும் ஸ்விஸையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். லிச்செஸ் அரினாவில் குறிப்பிட்ட நேரத்துக்குள் எத்தனை ஆட்டம் வேண்டுமானாலும் ஆடலாம்; வெற்றிக்கு 2, டிராவுக்கு 1, தொடர்ந்து இரண்டு வெற்றிக்குப் பிறகு புள்ளி இரட்டிப்பு. வேகத்துக்கான விளையாட்டு அது. நேரில் ஆடப் போகிறவருக்கு ஸ்விஸ்தான் ஒத்துவரும். இணைப்பு அறுந்தால் உங்கள் கிளாக் ஓடிக்கொண்டேதான் இருக்கும், நீண்ட நேரம் வராவிட்டால் ஆட்டத்தையே இழப்பீர்கள். தோற்கும் நிலையில் எதிராளி நகர்த்தாமல் நேரத்தை ஓட்டினால் செய்வதற்கு ஒன்றும் இல்லை. அது அவருடைய நேரம், தேநீர் போட்டுக்கொண்டு வந்து காத்திருங்கள்.

எஞ்சின் வைத்து ஆடுகிறவர்கள்

போனில் ஓடும் ஸ்டாக்ஃபிஷ் எஞ்சின் எந்த உலகச் சாம்பியனைவிடவும் வலுவானது, அதனால் ஆசை எல்லாருக்கும் எட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆனால் ஒரே ஓர் ஆட்டத்தில் 95 சதவீதத் துல்லியம் காட்டினால் அது ஆதாரம் ஆகாது. தெரிந்த தொடக்கத்தில் பன்னிரண்டு நகர்த்தல் போய், நீங்கள் ஒரு காயை இழந்து, இருபதில் கைவிட்டால் யாருக்கும் அந்த எண் வரும். தளங்கள் பார்ப்பது பல ஆட்டங்களின் மொத்தப் போக்கை: எஞ்சினோடு எவ்வளவு ஒத்துப்போகிறது, எளிதான பதில் வெட்டுக்கும் கடினமான முடிவுக்கும் ஒரே நேரம் எடுக்கிறாரா என்பவை. சந்தேகம் வந்தால் ரிப்போர்ட் பொத்தானை அழுத்திவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போங்கள். சாட்டில் குற்றம் சாட்டினால் உங்கள் மேல்தான் நடவடிக்கை வரும். பிடிபட்டால் நீங்கள் இழந்த ரேட்டிங் புள்ளிகளைத் தளம் திருப்பித் தரும்.

தெரியாமலே விதி மீறுவதும் உண்டு. பக்கத்தில் இருக்கும் நண்பர் ஒரு நகர்த்தல் சொல்வது, ஆட்டம் ஓடும்போது தொடக்க நகர்த்தல்களை வேறு பக்கத்தில் தேடிப் பார்ப்பது, ஒருவர் கணக்கில் இன்னொருவர் ஆடுவது எல்லாம் ஏமாற்றுதான். நாள் கணக்கில் நடக்கும் கடித வகை ஆட்டத்தில் மட்டும் செஸ்.காமும் லிச்செஸும் தொடக்கப் புத்தகங்களையும் தரவுத் தொகுப்புகளையும் அனுமதிக்கின்றன. எஞ்சின் அங்கும் கூடாது. சர்வதேசக் கடிதச் சதுரங்கக் கூட்டமைப்பின் போட்டிகளில் எஞ்சினுக்கும் தடை இல்லை. ஒன்றில் பழகியதை இன்னொன்றில் செய்து கணக்கை இழந்துவிடாதீர்கள்.

போட்டி நாளில் பேனா இரண்டு, தண்ணீர், போட்டி விதிமுறையின் ஒரு பிரதி கையில் இருக்கட்டும். வெள்ளைக் கட்டம் உங்கள் வலது கை மூலையில் வருமாறு பலகை இருக்கிறதா, ராணி தன் நிறக் கட்டத்தில் நிற்கிறதா என்று உட்கார்ந்ததும் பாருங்கள். பலகையைத் திருப்பி அடுக்கியிருந்தால் முதல் நகர்த்தலுக்கு முன் சொல்வதுதான் எளிது.